பக்கத்து ஊர்த் தறியோசை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



"கைத்தொழிலாற் பெயர்பெற்ற ஓர் ஊர்" என்னும் பொருள் பற்றிச் சில நிமிடம் பேசுமாறு செயலாளர் எங்களைப் பணித்தார். இவ்வாறான தலைப்பைக் கையிற் கொடுத்தால் மாணவர் மனம் தூரதேசத்துக்கே பறக்கும். எங்கள் மனமும் பல்கேரிய நாட்டுக்குப் பறந்தது. அங்கே பால்கன் மலைச்சாரலில் திரியாவ்னா என்றொரு சிற்றூர் உண்டு. மரச்செதுக்கு வேலைக்குப் பேர்போன ஊர். 1808 ஆம் ஆண்டிலே தஸ்கலோவ் என்னும் வணிகர் வீட்டில் ஓர் ஆசானும் அவரிடம் தொழில் பழகிய இளைஞனும் பந்தயம் கட்டி, ஆளுக்கோர் அறையின் மேற்கூரையில் சூரியனைச் செதுக்கினார்களாம். ஆறு மாதம் சென்றபின் கதவைத் திறந்து பார்த்தவர்கள் இரண்டையும் கண்டு வியந்தார்கள் என்பது கதை. அவ்வீடு இன்று அருங்காட்சியகம். இருநூறு ஆண்டு கடந்தும் இரண்டு சூரியனும் அப்படியே இருக்கின்றன.

திரியாவ்னாவை இவ்வளவோடு நிறுத்துகிறோம். நாங்கள் அங்கே போனவர்கள் அல்லர். நாங்கள் போனது மருதமுனைக்கு.

சபையிற் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. ஒலுவிலிலே எங்கள் தென்கிழக்குப் பல்கலைக்கழக வாயிலில் பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரலாம். ஆயினும் அந்த வழி சாமானியமான வழி அன்று. நிந்தவூர் முஸ்லிம் ஊர், அடுத்தது காரைதீவு, தமிழ் ஊர், பின்னர் சாய்ந்தமருது, அப்பால் கல்முனை, அதையடுத்துத் திரௌபதை அம்மன் கோயில் கொண்ட பாண்டிருப்பு, அதைத் தாண்டினால் மருதமுனை. இருநிறப் பூவை மாற்றி மாற்றித் தொடுத்த மாலை போலக் கிடக்கிறது இக்கடற்கரை. காரைதீவில் 1892 இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும் மட்டக்களப்பு மைக்கேல் கல்லூரியிலும் படித்தவர். மிஷன் பாடசாலைப் பிள்ளைகளாகிய நாங்கள் இதை எந்த மேடையிலும் சொல்லாமல் விடுவதில்லை!

மருதமுனையில் இறங்கி ஓர் ஒழுங்கைக்குள் நடந்தோம். தறியைக் கண்ணாற் காணுமுன் காதுதான் கேட்டது. ஓடம் போய் முட்டும் ஓசை. அடுத்து அச்சுச் சட்டம் ஊடையை அடித்துச் சேர்க்கும் ஓசை. அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு வீட்டு வாசலில் நின்றோம். தறியில் இருந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தாய். "வாங்க மகன், இருங்க" என்று சொல்லிய வாயோடு கையும் ஓடிக்கொண்டிருந்தது. தேநீர் வந்தபோதுதான் அது நின்றது.

துணி நெய்வது என்றால் தறியில் இருந்து ஓடம் எறிவது என்றே நம்மிற் பலர் எண்ணுவோம். அது கடைசி வேலை. கழியாக வந்த நூலுக்குச் சாயம் போட்டு, உலர்த்தி, இராட்டையிலே சுற்றி, பாவு ஓட்டி, ஒவ்வோர் இழையாக விழுதிலும் அச்சிலும் கோத்து முடித்த பின்னரே நெசவு தொடங்கும். அங்குலத்துக்கு 60 இழை என்று வைத்துக்கொண்டாலும் 48 அங்குல அகலமான துணிக்கு 2880 இழைகள். பழைய பாவு முடிந்ததும் புதிய பாவின் 2880 இழைகளையும் பழையவற்றின் நுனியோடு ஒன்றொன்றாய்ப் பிணைக்க வேண்டும். ஒன்று மாறினாலும் சாறனிற் கோடு மாறும். இந்த வேலைகளைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் வயது சென்றவர்களுமே செய்கிறார்கள். இதற்கெல்லாம் தனிக்கூலி என்று யாரும் கணக்குப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

கயிற்றை இழுத்தால் ஓடம் தானே ஓடும் இந்த முறையை இங்கிலாந்தில் ஜோன் கே என்பவர் 1733 இற் கண்டுபிடித்தார். அதன் பின்னரும் தறிக்கு இரண்டு காலும் இரண்டு கையும் வேண்டும். ஒரே பாவிலே தாய் பாதியும் மகள் பாதியும் நெய்தால், மாறிய இடத்தைத் தடவிப் பார்த்தே அந்த அம்மா சொல்லிவிடுகிறார். இருவர் அடியும் ஒன்றாக விழாதாம். எங்கள் விரல்களுக்கு அது அகப்படவில்லை.

காலை தொடக்கம் பொழுதுபடும் வரை இருந்தால் இரண்டு சாறன். கை நன்றாக ஓடினால் மூன்று. நூலை முதலாளி கொடுப்பார். நெய்த துணியை அவரே எடுப்பார். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. திரியாவ்னாவின் கதையை நாங்கள் அவருக்கும் சொன்னோம். கவனமாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "மரத்தில செய்தா அப்படியே இருக்கும். எங்கட வேலை அப்படியா? புடவை கிழிஞ்சாத்தானே மகன் எங்களுக்குச் சோறு!"

இதைவிடச் சரியாக இத்தொழிலை எவரும் விளக்கிச் சொல்ல முடியாது. தச்சன் செய்தது கூரையில் நிற்கிறது. ஊருக்குப் பின்னரும் ஊரின் பெயரைச் சொல்கிறது. நெசவாளி செய்தது நம் உடம்பிலே தேய்ந்து, பின் தரை துடைக்கும் துணியாகிப் போய்விடுகிறது. நெசவு ஊரிலே காட்டுவதற்கு இருப்பதெல்லாம் தறியும் தறியில் இருக்கும் ஆளுமே. அந்த ஆள் எழுந்து போய்விட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கக்கூட அங்கே ஒன்றும் மிஞ்சாது.

எழுந்து போகக் காரணங்களும் இல்லாமல் இல்லை. 1970 தொடக்கம் 1977 வரை வெளிநாட்டுத் துணி வரவு கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் இவ்வூரில் தறிச்சத்தம் இல்லாத ஒழுங்கையே இல்லை என்று அயல்வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னார். 1977 இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. மலிவான ஆலைத்துணி கப்பல் கப்பலாக இறங்கியது. நாடெங்கும் தறிகள் ஓய்ந்தன. அதன்மேல் யுத்தம், நூல் வரவும் துணி போகவும் பாதை இல்லை. 2004 டிசம்பர் 26 இல் கடலே எழுந்து வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையில் ஆளும் போயிற்று, வீடும் போயிற்று, தறியும் நூலும் போயின. மறுபடியும் தறி நட்டவர்களை 2022 இன் நெருக்கடி பிடித்தது. நூல் வெளிநாட்டிலிருந்து வருவது. டொலரின் விலை சில மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது நூலின் விலையும் உடன் ஏறியது. கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை.

அந்த வீட்டு மகன் கட்டாரில் இருக்கிறார். மகள் உயர்தர வகுப்புப் படிக்கிறார், தறியும் தெரியும். ஆனால் அவர் தறியில் இருப்பதைத் தாயே விரும்பவில்லை. "என்னோட முடியட்டும்" என்றார். நாங்கள் மறுத்துப் பேசவில்லை. பட்டம் பெற்று மேசை உத்தியோகம் தேடும் நாங்கள், அவர் பிள்ளைக்குத் தறியைப் புகழ்ந்து உபதேசிக்க என்ன யோக்கியதை உடையோம்?

நம் சமயத்துக்கு இது புறம்பான பேச்சு என்று பெரியோர் எவரும் எண்ண வேண்டியதில்லை. அறுபத்துமூவரில் ஒருவரான நேச நாயனார் காம்பீலி என்னும் ஊரிலே நெய்து வாழ்ந்தவர். உடையும் கீளும் கோவணமும் நெய்து அடியார்க்கு அளித்தமையே அவர் செய்த தொண்டு. வேறு அற்புதம் எதுவும் செய்தாரென்று பெரியபுராணம் சொல்லவில்லை. காசியில் வாழ்ந்த கபீர்தாசரும் முஸ்லிம் நெசவாளர் வீட்டில் வளர்ந்தவர். இரு சமயத்தாரும் அவரைத் தம்மவர் என்றே கொண்டாடுகிறார்கள். மிஷன் பாடசாலையில் நாங்கள் படித்த விவிலியத்திலும், தம் நாட்கள் ஓடும் வேகத்துக்கு நெசவாளியின் ஓடத்தை யோபு உவமை சொல்கிறார். எந்தச் சமயத்து நூலைத் திறந்தாலும் தறி எங்கேயோ ஒரு பக்கத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இனி எங்கள் வேண்டுகோள். சங்கம் ஒவ்வோர் ஆண்டும் பெரியோர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறது. இன்றும் போர்த்தினோம். அது எங்கேயோ ஓர் ஆலையில், பட்டுமல்லாத பருத்தியுமல்லாத மினுங்கும் இழையில் செய்தது. போர்த்திய அடுத்த நிமிடமே வியர்வை தாங்காமல் மடித்து வைத்துவிடுகிறார்கள். மேடைகள் பல கண்ட பெரியவர் ஒருவர், தம் வீட்டு அலுமாரி நிறையப் பொன்னாடை இருக்கிறது, தலை துவட்டக்கூட ஒன்றும் உதவாது என்று எங்களிடமே சொல்லிக் குறைப்பட்டார். அவர் பெயரைச் சொல்லமாட்டோம், முன்வரிசையில் இருக்கிறார்!

இதற்குப் பதிலாகக் கரை வைத்த பருத்திச் சால்வை நெய்து தருவீர்களா என்று அந்த அம்மாவிடம் கேட்டோம். தருவேன் என்றார். தருமமாக அன்று, கணக்காகவே பேசினார். பாவு ஒன்று ஓட்டினால் இருபது சால்வைக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பிணைக்கும் கூலிக்கே கட்டாது. சாயம் போடுமுன் கரையின் நிறம் தெரிய வேண்டும். நூலுக்கு முற்பணம் வேண்டும். மூன்று வாரத் தவணை வேண்டும். நோன்பு மாதமாயின் இன்னும் ஒரு வாரம் கூட.

சங்கத்துக்கு ஆண்டுக்குத் தேவை பன்னிரண்டு. மீதி எட்டையும் அயற் கோயில்களின் பரிபாலன சபை ஏதாவது ஏற்றுக்கொள்ளுமா என்று இங்குள்ள பெரியோர்கள் விசாரித்துச் சொன்னால், கரை மஞ்சளா சிவப்பா என்பதைச் செயற்குழு தீர்மானித்துத் தந்தால், விடுமுறை முடிந்து ஒலுவிலுக்குத் திரும்பும்போது நாங்களே மருதமுனையில் இறங்கி முற்பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவோம்.