மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்த நாடு
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



மாலையானால் கிளப் ஹவுஸில் கொரியப் பாட்டு. "மொழியே புரியாம என்ன ஆட்டம்?" என்று பேத்தியைக் கடிந்துகொண்டேன். "தாத்தா, நீங்க இந்தி தெரிஞ்சா 'ஆராதனா' பாட்டு கேட்டீங்க?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இதைப் படிக்க ஆரம்பித்தேன்.

பி.காம். படித்து, வங்கியில் கணக்கு எழுதியவன் நான். பாட்டை விட்டுவிட்டு வரவு செலவைப் பார்த்தேன்.

'ஜுராசிக் பார்க்' என்ற ஒரே படத்தின் வருமானம் 15 லட்சம் ஹூண்டாய் கார் விற்பதற்குச் சமம் என்று 1994-ல் தென்கொரிய அதிபரிடம் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். நமக்குக் கொரியா என்றால் இருங்காட்டுக்கோட்டை கார் தொழிற்சாலைதானே! அவர்கள் அப்போதே அடுத்த தொழிலை யோசித்துவிட்டார்கள்.

1997-ல் அந்நாடு அந்நியச் செலாவணி இல்லாமல் ஐ.எம்.எஃப்.-இடம் கடன் கேட்டு நின்றது. அடுத்த சில மாதங்களில் சுமார் 35 லட்சம் பேர் வீட்டுத் தங்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். 200 டன்னுக்கு மேல். அதில் கல்யாண மோதிரங்களும் உண்டு. நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். மோதிரத்தைக் கழற்றுகிறவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்த நெருக்கடிக்குப் பின், 1999-ல், கலைத் தொழில்களை வளர்ப்பதற்கென்றே சட்டம் போட்டார்கள். 2002-ல் வந்த 'வின்டர் சொனாட்டா' தொடர் ஜப்பானியர்களை நாமி தீவுக்கே சுற்றுலா வரவைத்தது. 2012-ல் 'கங்னம் ஸ்டைல்' யூடியூபில் முதன்முதலாக 100 கோடி பார்வையைத் தொட்டது. 2020-ல் 'பாரசைட்' சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. ஆங்கிலம் அல்லாத படத்துக்கு அதுவே முதல் முறை. 2024-ல் ஹான் காங்குக்கு இலக்கிய நோபல்.

பிள்ளைகளே, பற்றுப் பக்கமும் இருக்கிறது. பள்ளி வயதிலேயே பயிற்சிக்குச் சேர்ந்து, வருடக்கணக்கில் உழைத்தும் மேடை ஏறாதவர்கள் அங்கே ஏராளம். 13 ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்த்து 2009-ல் மூன்று பாடகர்கள் நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டு மாதிரி ஒப்பந்தத்தில் 7 ஆண்டு உச்சவரம்பு வந்தது. ரசியுங்கள், இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. கிளப் ஹவுஸில் ஆட்டப் பயிற்சி கூடாது என்ற மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. ஆட்டம் பாட்டம் சோறு போடாது என்று நினைத்துப் போட்டது. அதைத் திரும்பப் பெறுகிறேன். எட்டு மணிக்கு மேல் மட்டும் சத்தம் வேண்டாம்; பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பொங்கல் விழாவில் நீங்கள் ஆடினால் முதல் வரிசையில் நான் இருப்பேன்.