மாக்பெத்தின் பேரவா

ஆங்கிலப் பெரும்புலவர் ஷேக்ஸ்பியர் இயற்றி, 1623-ஆம் ஆண்டில் முதன்முதல் அச்சேறிய 'மாக்பெத்' நாடகத்தினின்று ஓர் உண்மையை மட்டும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஸ்காத்லாந்து வேந்தன் டங்கனைக் கொல்லுமுன்னர், தான் அவனுக்கு உறவினன், குடி, விருந்தோம்புவோன் என்னும் மூன்று கடப்பாடுகளையும் மாக்பெத் எண்ணிப் பார்க்கின்றான். ஆகவே, அவன் அறிந்தே தீமை செய்தான் என்க. பேரவா அவ்வறிவின் வாயை அடைத்தது. அடைபட்ட அறிவே பின்னர் அவன் நெஞ்சைச் சுட்டது. முடி பெற்றான்; உறக்கம் இழந்தான். சிறிது நீராற் கறை போமென எண்ணிய அவன் மனைவியோ, துயிலில் எழுந்து நடந்து, இல்லாத கறையைக் கழுவிக் கழுவி நைந்தாள். பகைவர் வாள் வருமுன்னரே தண்டனை அம்மனையுட் புகுந்துவிட்டதன்றோ?

ஆதலின், பதவியும் பொருளும் நாடும் நம்மனோர், நெஞ்சம் முதன்முறை 'வேண்டா' எனும்பொழுதே செவிசாய்ப்போமாக.