பிள்ளை கையில் செல்போன்: வீட்டில் நாம் செய்ய வேண்டியது

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



குழுக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்துத்தான் எனக்குப் பழக்கம். மைக் பிடிச்சுப் பழக்கம் இல்லை. ஏதாவது தப்பாச் சொன்னா பொறுத்துக்கோங்க. ஆனா இன்னைக்குப் பேச வந்த விஷயத்தைப் பொறுத்துக்கிட்டே இருக்கக் கூடாது. அதனாலதான் கூச்சத்தை விட்டுட்டு வந்து நிக்கிறேன்.

2020ல கொரோனா வந்து பள்ளிக்கூடத்தை மூடினாங்க. போன்லதான் பாடம்னு சொன்னாங்க. எங்க குழுவுல அந்த வருஷம் உள்கடன் கேட்டதுல பலபேர் போன் வாங்கத்தான் கேட்டோம். நானும் 8,000 ரூபாய் எடுத்து ஒரு டச் போன் வாங்கினேன். அப்புறம் பள்ளிக்கூடம் திறந்தாச்சு, கடனும் தவணை தவணையாக் கட்டி முடிச்சாச்சு. போன் மட்டும் பிள்ளைங்க கையிலேயே தங்கிடுச்சு.

என் பையன் ஏழாவது படிக்கும்போது ஒருநாள் சாயங்காலம். நான் களை எடுத்துட்டு வீட்டுக்கு வர்றேன். அவன் போனைச் சட்டுன்னு பாய்க்கு அடியில சொருகினான். பிடுங்கிப் பார்த்தா, பார்க்கக் கூடாத படம். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிடுச்சு. என்ன ஏதுன்னு கேட்கலை. விளக்குமாத்தை எடுத்து வெளுத்துட்டேன். போனைப் பெட்டியில வெச்சுப் பூட்டினேன். வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

நாலு நாள் கழிச்சுத்தான் அவன் அழுதுகிட்டே சொன்னான். புதுப்படம் சும்மா பார்க்கலாம்னு கூடப் படிக்கிற பையன் ஒரு பக்கம் சொல்லியிருக்கான். அங்க 'டவுன்லோடு'ன்னு போட்ட பொத்தானைத் தொட்டா படம் வரலை, இந்தக் கண்றாவி வந்திருக்கு. மூட மூட இன்னொண்ணு வந்திருக்கு. திருட்டுப் படம் போடுற பக்கமெல்லாம் அப்படித்தானாம். படத்துல அவங்களுக்குக் காசு இல்லை, இந்த மாதிரி விளம்பரத்துலதான் காசு. அவன் தேடிப் போகலை. ஆனா நான் அடிச்சது அடிச்சதுதான்.

இது நடந்தப்போ எங்க உறவுப் பொண்ணு ஒருத்தி லீவுக்கு எங்க வீட்டுல இருந்தா. ஊரும் பேரும் கேட்காதீங்க. இந்த மாதிரி விஷயத்துல பிள்ளை யாருன்னு வெளியில சொல்லக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. அந்தப் பொண்ணு போன்ல விளையாடுற இடத்துல ஒருத்தர் பழக்கம் ஆகியிருக்காங்க. நானும் பொண்ணுதான், ஒன்பதாவது படிக்கிறேன்னு சொல்லியிருக்கு அந்த ஆள். திருவிழாவுல எடுத்த சாதாரண போட்டோ ஒண்ணு கேட்டு வாங்கியிருக்கு. அப்புறம், இதை அசிங்கமா மாத்தி உன் பள்ளிக்கூடத்துக்கே அனுப்புவேன், நான் சொல்ற மாதிரி வேற போட்டோ அனுப்புன்னு மிரட்டல். பதினோரு நாள் அந்தப் பிள்ளை சரியாச் சாப்பிடாம, தூங்காம இருந்திருக்கு. அவ அம்மா வயித்து வலின்னு நினைச்சுக் கஷாயம் வெச்சுக் கொடுத்திருக்காங்க.

கடைசியில விஷயம் தெரிஞ்சு நான் ஓடிப்போய்க் கேட்டேன், 'ஏன்டி கண்ணு, என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?'ன்னு. அவ சொன்னா: 'நீங்க அன்னைக்குத் தம்பியை அடிச்சதைப் பார்த்தேன் சித்தி. அதான் சொல்லலை.'

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. அந்தப் பிள்ளை அவனைவிட நமக்குத்தான் அதிகமாப் பயந்திருக்கு. அந்தப் பயம்தான் அவனுக்கு வேலையைச் சுலபமாக்கிடுச்சு.

யோசிச்சுப் பாருங்க. நம்ம குழுவுல ஒரு உறுப்பினரால தவணை கட்ட முடியலைன்னா என்ன பண்றோம்? 'வந்து சொல்லும்மா, கலந்து பேசலாம்'னு சொல்றோம். கஷ்டம்னு வந்து சொன்னவங்களால எந்தக் குழுவும் உடைஞ்சதில்லை. சொல்லாம மறைச்சுக் கந்துவட்டிக்காரன்கிட்டப் போனவங்களாலதான் உடைஞ்சிருக்கு. பிள்ளை விஷயமும் அதேதான். தப்பே நடந்திருந்தாலும் முதல்ல நம்மகிட்ட வந்து சொல்லணும். அதுக்கு நாம அடிக்கக் கூடாது. இதுதான் நான் சொல்ல வந்ததிலேயே பெரிய விஷயம். மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

இப்போ போன்ல என்ன செய்யலாம்னு சொல்றேன். இதெல்லாம் எனக்குக் காலேஜ் படிக்கிற என் அக்கா பொண்ணு உட்கார வெச்சுச் சொல்லிக் கொடுத்தது.

யூடியூப்ல மூலையில இருக்கிற உங்க வட்டப் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், அப்புறம் ஜெனரல் போனா 'ரெஸ்ட்ரிக்டட் மோட்'னு இருக்கும். அதை ஆன் பண்ணுங்க. ஒவ்வொரு போன்லயும் தனித்தனியா வைக்கணும். கூகுள்ல தேடுற இடத்துல 'சேஃப் சர்ச்'னு இருக்கு, அதுல 'ஃபில்டர்' வைங்க. பிளே ஸ்டோர்ல செட்டிங்ஸ், ஃபேமிலி உள்ள போய் 'பேரன்டல் கன்ட்ரோல்ஸ்' ஆன் பண்ணி, பிள்ளைக்குத் தெரியாத நம்பர் ஒண்ணு போடுங்க. பிள்ளைக்குன்னு தனி போன் இருந்தா 'ஃபேமிலி லிங்க்'னு கூகுளோட ஆப் ஒண்ணு இருக்கு. எவ்வளவு நேரம் பார்க்கலாம், எந்த ஆப் போடலாம்னு நம்ம போன்ல இருந்தே வைக்கலாம். காசு கிடையாது.

இன்னொண்ணு. சில பக்கத்துக்குள்ள போனவுடனே 'அலோ', 'பிளாக்'னு ரெண்டு கேட்கும். பிள்ளைங்க படம் வந்தாப் போதும்னு 'அலோ'வைத் தொட்டுடும். அதுக்கப்புறம் போன் சும்மா கிடந்தாலும் மேல அசிங்க விளம்பரமும் சூதாட்ட விளம்பரமும் வந்துகிட்டே இருக்கும். போன் கெட்டுப்போச்சுன்னு கடைக்குத் தூக்கிட்டுப் போக வேண்டாம். குரோம்ல மூணு புள்ளியைத் தொட்டு செட்டிங்ஸ் போய், நோட்டிஃபிகேஷன்ல தெரியாத பக்கத்தையெல்லாம் நிறுத்திடுங்க.

அடுத்தது கொஞ்சம் சங்கடமான விஷயம். நம்ம வீட்டு ஆம்பளைங்க போன். வாட்ஸ்அப் குரூப்புல எவனோ எதையோ அனுப்பறான். இவங்க திறக்கவே இல்லைன்னாலும் அது தானா இறங்கி, போட்டோ இருக்கிற இடத்துல வந்து உட்கார்ந்துக்குது. அப்பா போனை வாங்கிப் பிள்ளை விளையாடும்போது அது கண்ணுல படுது. வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா'வுல தானா இறங்கறதை நிறுத்தலாம். 'சாட்ஸ்' உள்ள 'மீடியா விசிபிலிட்டி'யையும் ஆஃப் பண்ணுங்க. வீட்டுக்காரர்கிட்டச் சண்டை போட வேண்டாம். 'பிள்ளை பார்க்குதுங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எங்க வீட்டுல கேட்டுக்கிட்டார்.

இதெல்லாம் சல்லடைதான் சகோதரிகளே. சல்லடையில எவ்வளவு சலிச்சாலும் ஒண்ணு ரெண்டு கல்லு தப்பி வரும். எதைப் பார்த்தாங்கன்னு போன்ல பதிவு இருக்கும், ஆனா அதை அழிக்கவும், பதிவே ஆகாமப் பார்க்கவும் பிள்ளைங்களுக்குத் தெரியும். அதனால வீட்டுல சில பழக்கம் வேணும். எங்க வீட்டுல வெச்சிருக்கிறதைச் சொல்றேன்.

போனைக் கூடத்துல உட்கார்ந்துதான் பார்க்கணும். கதவைச் சாத்திக்கிட்டு, போர்வைக்குள்ள பார்க்கக் கூடாது. ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லார் போனும் சமையல்கட்டு அலமாரியில சார்ஜ்ல இருக்கணும். எல்லார் போனும்னா என் போனும்தான். நான் சீரியல் பார்த்துக்கிட்டே பிள்ளையை வைடான்னா எப்படி வைப்பான்? வாட்ஸ்அப்புக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் 13 வயசு ஆகணும்னு அந்தக் கம்பெனிக்காரங்களே சொல்லியிருக்காங்க. அதுக்கு முன்னாடி பொய் வயசு போட்டு நாமே திறந்து கொடுக்க வேண்டாம். பிள்ளைங்க யூனிபார்ம் போட்டோவை ஸ்டேட்டஸ்ல வைக்கிறதை நானும் விட்டுட்டேன். எந்தப் பள்ளிக்கூடம், எந்த ஊருன்னு நாமே ஏன் எழுதி ஒட்டணும்?

பிள்ளைங்ககிட்ட மூணே மூணு சொல்லியிருக்கேன். நேர்ல பார்க்காத ஆளுக்குப் பேரு, பள்ளிக்கூடம், போட்டோ கொடுக்காதே. 'அம்மாகிட்டச் சொல்லாதே'ன்னு யார் சொன்னாலும் அதை உடனே அம்மாகிட்டச் சொல்லு. தப்பாப் படம் வந்தா போனைக் கவிழ்த்து வெச்சுட்டு என்னைக் கூப்பிடு, அடிக்க மாட்டேன்.

யாராவது மிரட்டினா என்ன பண்றது? பயந்துபோய் எல்லாத்தையும் அழிச்சுடாதீங்க. மிரட்டின செய்தியையும் அந்த ஆளோட கணக்கையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. அப்புறம் அவனை பிளாக் பண்ணுங்க. காசோ வேற போட்டோவோ கேட்டாக் கொடுக்கவே கூடாது, கொடுத்தா இன்னும் கேட்பான். பிள்ளையோட படத்தை 'இதைப் பாருங்க'ன்னு சொந்தக்காரங்களுக்கு அனுப்பவும் கூடாது, அதுவே குற்றம்.

மூணு நம்பரைச் சமையல்கட்டுச் சுவத்துல எழுதி வைங்க. குழந்தைகளுக்கு எந்த ஆபத்துன்னாலும் 1098. ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க. போன் வழியாப் பணம் போச்சுன்னா 1930. பெண்களுக்கு உதவி 181. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்கிற அரசாங்க இணையதளத்துலயும் புகார் கொடுக்கலாம். குழந்தைங்களைப் பத்தின ஆபாசப் படமா இருந்தா பேரு சொல்லாமலேகூட அங்க சொல்ல முடியும்.

'ஐயோ, ஸ்டேஷனா'ன்னு பயப்படுறோம். 2012ல வந்த போக்சோ சட்டம் 18 வயசுக்குக் கீழே இருக்கிற ஆண் பிள்ளை, பெண் பிள்ளை எல்லாருக்கும் பொருந்தும். வாக்குமூலம் வாங்கப் பிள்ளை வீட்டுக்கோ, பிள்ளை விரும்புற இடத்துக்கோ அவங்கதான் வரணும். காக்கி உடுப்பு போடக் கூடாது. முடிஞ்ச வரைக்கும் பெண் சப் இன்ஸ்பெக்டர்தான் கேட்கணும். எந்தக் காரணத்துக்காகவும் ராத்திரியில பிள்ளையை ஸ்டேஷன்ல வைக்கக் கூடாது. இதைத் தெரிஞ்சுக்கிட்டாலே பாதி பயம் போயிடும்.

அந்தப் பொண்ணு வீட்டுலயும் அன்னைக்கு 1098க்குத்தான் முதல்ல பேசினோம். பொறுமையாக் கேட்டு, என்ன செய்யணும்னு ஒவ்வொண்ணாச் சொன்னாங்க. புகாரும் கொடுத்தாச்சு. அவன் யாருன்னு கண்டுபிடிக்கிறது போலீஸ் வேலை. அந்தப் பிள்ளை அன்னைக்கு ரெண்டு தோசை சாப்பிட்டுட்டு அவ அம்மா மடியில தலை வெச்சுத் தூங்குச்சு. எங்களுக்கு அது போதும்.

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். நம்ம ஒவ்வொரு குழுவுலயும் போன் நல்லாத் தெரிஞ்ச உறுப்பினரோ, அவங்க பொண்ணோ ஒருத்தர் இருப்பாங்க. மாசத்துல ஒரு கூட்டத்துல, சேமிப்பும் கடனும் எழுதி முடிச்ச பிறகு அரை மணி நேரம் ஒதுக்கி, எல்லார் போன்லயும் நான் சொன்னதையெல்லாம் வெச்சுக் கொடுக்கச் சொல்லுங்க. தீர்மான நோட்டுல எழுதிடலாம். எழுதினாத்தான் நாம செய்வோம்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் செட்டிங்ஸைத் தேடாதீங்க. முதல்ல பிள்ளையைப் பக்கத்துல உட்கார வெச்சு, 'எது நடந்தாலும் என்கிட்டச் சொல்லு, அடிக்க மாட்டேன்'னு சொல்லுங்க. நான் என் பையன்கிட்ட அதோட சேர்த்து மன்னிப்பும் கேட்டேன். வெட்கமா இல்லை.