குழந்தை நினைவில் நிற்கும் திருநாள்

(பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற இளங்குடும்பத்தினர் நாளன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் பங்கின் பொன்விழா ஆண்டிலே, இளங்குடும்பங்கள் தங்கள் திருநாட்களையும் பயணங்களையும் எவ்வாறு அமைத்துக்கொள்ளலாம் என்பது குறித்துச் சில வார்த்தைகள் பேசும்படி விழாக் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். "திருமணமாகாத சாமியாருக்கு இதில் என்ன தெரியும்?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும் திருநாளன்று எல்லாக் குடும்பங்களையும் ஒரே நேரத்தில் பார்க்கும் இடத்தில் நிற்பவர் குருவானவர். திருநாள் முடிந்த மறுவாரம் அவர்களில் சிலர் வந்து மனம்விட்டுப் பேசுவதைக் கேட்பவரும் அவரே. அந்த உரிமையோடு பேசுகிறேன்.

விழா மலருக்காக நம் பங்கின் முதியோர் பலரிடம் அவர்களுடைய இளமைக்காலத் திருநாட்களைப் பற்றிக் கேட்டு எழுதி வருகிறோம். அவர்கள் சொன்னவற்றைப் படித்துப் பார்த்தேன். நடுச்சாமப் பூசையில் தாயின் மடியிலே தூங்கிப்போனது, தந்தையின் தோளில் அமர்ந்து தேர் பார்த்தது, குடிலுக்குக் களிமண் எடுக்கக் குளத்துக்குப் போனது, மாட்டு வண்டியில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனது - இவைதாம் திரும்பத் திரும்ப வருகின்றன. சட்டையின் விலை என்ன, எத்தனை வகைப் பலகாரம் செய்தார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அறுபது, எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நினைவில் நிற்பது எது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? குழந்தை காத்திருந்து, தன் கையால் உழைத்து, பெற்றோரோடு சேர்ந்திருந்து கொண்டாடிய திருநாளே அதன் உள்ளத்தில் தங்குகிறது. இன்று நான் சொல்ல விரும்புவது இவ்வளவே.

முதலாவதாக, காத்திருத்தலைப் பற்றிச் சொல்கிறேன். திருச்சபை எந்தப் பெருவிழாவையும் திடீரென்று நம்மிடம் கொண்டுவந்து கொடுப்பதில்லை. கிறிஸ்து பிறப்புக்கு முன் நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம். உயிர்ப்புக்கு முன் நாற்பது நாள் தவக்காலம். ஆயத்தமில்லாத மகிழ்ச்சி ஆழமாக வேரூன்றுவதில்லை என்பதைத் தாயாகிய திருச்சபை அறிந்திருக்கிறாள். இக்காலத்திலோ நவம்பர் மாதத்திலேயே கடைகளில் நட்சத்திரங்கள் தொங்குகின்றன. குடில், சொரூபம், புல் எல்லாம் ஒரே பெட்டியில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. பெட்டியைத் திறந்து பத்து நிமிடத்தில் வைத்துவிட்டால், குழந்தைக்கு அதில் என்ன பங்கு இருக்கிறது?

முதல் குடில் எப்படி அமைந்தது தெரியுமா? 1223-ஆம் ஆண்டு, இத்தாலி நாட்டிலே கிரெச்சோ என்ற மலைக்கிராமத்தில், அசிசி நகர் புனித பிரான்சிஸ் வைக்கோலையும், உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவரச் செய்து, பெத்லகேமின் ஏழ்மையை மக்கள் கண்ணால் காணும்படி செய்தார். விலையுயர்ந்த பொருள் எதுவும் அங்கே இல்லை. நம் வீடுகளிலும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கிறிஸ்மசுக்குப் பத்து நாள் முன்பு ஒரு தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ நெல்லோ விதைத்துவிட்டால், திருநாளன்று குடிலுக்குப் பச்சைப்பசேலென்ற வயல் கிடைக்கும். அந்தத் தட்டுக்குத் தினமும் தண்ணீர் தெளிக்கும் வேலையை உங்கள் நான்கு வயதுக் குழந்தையிடம் கொடுத்துப் பாருங்கள். முளை வந்துவிட்டதா என்று காலையில் எழுந்ததும் ஓடிப் பார்க்கும். திருவருகைக் காலம் என்றால் என்ன என்று அக்குழந்தைக்குத் தனியாக மறையுரை தேவைப்படாது.

இரண்டாவதாக, கடனைப் பற்றிப் பேச வேண்டும். இது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் மாதத்தில் அடகுக்கடைக்குப் போன நகை, மே மாதம் பள்ளிக் கட்டணம் கட்டும் நேரத்திலும் திரும்பி வராத வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. புது நன்மை வாங்கும் பிள்ளைக்கு மண்டபம், மேடை அலங்காரம், வீடியோ, நூறு பேருக்குப் பிரியாணி என்று செலவழித்துவிட்டு, அந்த வட்டியின் காரணமாகக் கணவனும் மனைவியும் பேசாமல் இருக்கும் வீட்டையும் நான் அறிவேன். அந்தப் பிள்ளை எதை நினைவில் வைத்துக்கொள்ளும்? ஆண்டவரை முதன்முதல் உட்கொண்ட நாளையா, அதற்குப் பின் வீட்டில் நடந்த சண்டையையா?

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். வாரத்துக்கு நூறு ரூபாய் ஓர் உண்டியலில் போட்டுவந்தால், 52 வாரத்தில் 5,200 ரூபாய் சேரும். ஒரு சிறு குடும்பத்தின் எளிய கிறிஸ்மசுக்கு அதுவே பெரும் உதவி. உண்டியலில் போடும் கை குழந்தையின் கையாக இருக்கட்டும். நூறு முடியாதவர் இருபது போடட்டும். எது சேர்ந்ததோ அதற்குள் திருநாள். அடுத்த வீட்டாரின் நட்சத்திரம் நம்முடையதைவிடப் பெரிதாயிருந்தால் நமக்கென்ன? ஞானிகள் பின்சென்ற நட்சத்திரம் ஒன்றுதானே!

மூன்றாவதாக, வீட்டுத் தலைவர்களிடம் ஒரு வார்த்தை. நடுச்சாமப் பூசை முடிந்து வீடு திரும்ப இரண்டு மணி ஆகிறது. காலையில் ஆறு மணிக்கு அடுப்பு மூட்டுபவர் யார்? முந்தின நாள் முழுவதும் முறுக்கும் அதிரசமும் சுட்டவர் யார்? விருந்தினர் எல்லோரும் சாப்பிட்டபின், மூன்று மணிக்கு மீதியைச் சாப்பிடுபவர் யார்? இல்லத்தைக் குட்டித் திருச்சபையாகவே இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் போற்றியது. அந்தத் திருச்சபையிலே ஒருவர் மட்டும் ஊழியம் செய்து, மற்றவரெல்லாம் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தால் அது முறையா? தந்தை வெங்காயம் உரிக்கட்டும். மகன் தண்ணீர் எடுத்து வைக்கட்டும். பலகாரத்தில் இரண்டு வகை குறைந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. தாய் களைத்து அழும் வீட்டில் திருநாள் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன்.

இனிப் பயணங்களுக்கு வருவோம். திருக்குடும்பமே பயணம் செய்த குடும்பம்தான். ஆண்டுதோறும் பாஸ்காத் திருவிழாவுக்கு அவர்கள் எருசலேமுக்குப் போவது வழக்கம் என்று லூக்கா எழுதுகிறார். நாசரேத்திலிருந்து எருசலேம் 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். இயேசுவுக்குப் பன்னிரண்டு வயதானபோது நடந்ததை நீங்கள் அறிவீர்கள். உறவினர் கூட்டத்தோடு இருப்பான் என்று எண்ணி ஒருநாள் பயணம் வந்துவிட்டார்கள். பிறகு தேடித் திரிந்து மூன்று நாளுக்குப் பின்னரே கோவிலில் கண்டார்கள். "அவர் பார்த்துக்கொள்வார்" என்று ஒவ்வொருவரும் அடுத்தவரை நம்பும் கூட்டத்தில்தான் இன்றும் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். பெரிய திருவிழாவுக்குப் போகும்போது இன்ன பிள்ளை இன்னார் பொறுப்பு என்று பேர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். சிறு குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள்.

வேளாங்கண்ணிக்குப் போகாத குடும்பம் நம் பங்கில் இராது. ஆகஸ்ட் 29-இல் கொடியேறி, செப்டம்பர் 8-இல் அன்னையின் பிறப்பு விழாவோடு முடியும் அந்தப் பதினொரு நாட்களில் அங்கே கூடும் கூட்டம் உங்களுக்குத் தெரியும். கைக்குழந்தை உள்ளவர்கள் கூட்டம் குறைந்த வேறொரு மாதத்தில் போவதில் தவறேதுமில்லை. அன்னை எல்லா நாளும் அங்கேதான் இருக்கிறாள். கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26, கிறிஸ்மசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று வந்த ஆழிப்பேரலையில் வேளாங்கண்ணிக் கரையில் திருப்பயணிகள் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அந்த அலையை முன்கூட்டி அறிய ஒருவராலும் முடியவில்லை. ஆனால் சாதாரண நாளிலும் அக்கடல் பிள்ளைகளை இழுத்துக்கொள்ளக் கூடியது. கையைப் பிடித்துக்கொண்டு கால் நனைத்தால் போதும். அப்போது அந்த நாளில் மாண்டவர்களுக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். ஏன் சொல்கிறோம் என்பதையும் பிள்ளைகளுக்கு எடுத்துக் கூறுங்கள்.

தூரமான இடத்துக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. கொள்ளிடக் கரைப் பக்கம் பூண்டி மாதா திருத்தலமும் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலமும் உள்ளன. ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர்தான், இத்தாலியில் பிறந்தும் தமிழ் கற்று, புனித சூசையப்பரைக் காப்பியத் தலைவராக வைத்துத் தேம்பாவணியைப் பாடினார். குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் போன தந்தையின் கதை அது. இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூரின் செம்மண்ணிலே, 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் புனித அருளானந்தர் இரத்தம் சிந்தினார். இவற்றைப் போகும் வழியிலேயே பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லுங்கள். வெறுமனே இறங்கி, மெழுகுதிரி கொளுத்தி, படம் பிடித்துத் திரும்பினால் எல்லா ஊரும் அவர்களுக்கு ஒரே ஊராகத்தான் தோன்றும்.

கோவில் பயணம் மட்டுமே நல்ல பயணம் என்றும் நினைக்கவேண்டாம். காணும் பொங்கலன்று புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய், ஒரு மரத்தடியில் குடும்பமாக உட்கார்ந்து உண்பதும் இறைவன் கொடுத்த நன்மையே. பள்ளி விடுமுறையில் பாட்டி வீட்டுக்குப் போய் நான்கு நாள் தங்குவது எந்த மலைவாசத் தலத்துக்கும் குறைந்ததல்ல. முதியோருக்கு அது மருந்து; பிள்ளைகளுக்கு அது பள்ளிக்கூடம். ரயிலில் போவதானால் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்னர்தான் முன்பதிவு தொடங்குகிறது. கடைசி நேரத்தில் முடிவெடுத்தால் இருமடங்கு செலவும் இருமடங்கு கோபமும் நேரும்.

வளைகுடா நாடுகளில் உழைக்கும் தந்தையரின் வீடுகளை நான் மறக்கவில்லை. டிசம்பரில் விடுப்புக் கிடைக்காத வீட்டில் கிறிஸ்மஸ் பாதி இருட்டாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட வீட்டாருக்குச் சொல்கிறேன்: அவர் எந்த மாதத்தில் வந்தாலும், வந்த முதல் ஞாயிறன்று குடும்பமாகத் திருப்பலிக்கு வந்து, நன்றியறிதலாக ஒரு சிறு விருந்து வையுங்கள். நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்தது மட்டுமே திருநாள் அன்று. அண்டை வீட்டாரோ, அவர் இல்லாத கிறிஸ்மஸ் அன்று அக்குடும்பத்தைத் தனியே விட்டுவிடாதீர்கள். விதவைத் தாய்மாரையும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கும் ரம்சானுக்கும் நமக்குத் தட்டு அனுப்பும் அயலாருக்கு நம் வீட்டுத் தட்டு உங்கள் பிள்ளைகளின் கையாலேயே போகட்டும்.

அன்பார்ந்த பெற்றோரே! இன்று வீடு திரும்பியதும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: வரும் ஆண்டில் நாம் குடும்பமாகக் கொண்டாடும் திருநாட்கள் எவை, போகும் பயணங்கள் எவை, அவற்றுக்குப் பணம் எங்கிருந்து வரும், வேலையில் யாருக்கு என்ன பங்கு? கடன் வாங்கினாலன்றி நடக்காதவற்றை அடித்துவிடுங்கள். மீதியுள்ளவற்றை ஒன்றும் விடாமல் நிறைவேற்றுங்கள். குழந்தைப் பருவம் பத்துப் பன்னிரண்டு கிறிஸ்மசில் முடிந்துவிடும். அதன்பின் அவர்கள் நம் கையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டார்கள்.

நம் பங்கின் நூற்றாண்டு மலருக்காக ஒருநாள் யாரோ வந்து, இன்று உங்கள் மடியில் இருக்கும் இந்தக் குழந்தைகளிடம் பழைய நினைவுகளைக் கேட்பார்கள். அன்று அவர்கள் மகிழ்ந்து சொல்லத்தக்கதை இப்போதே அவர்களுக்குக் கொடுங்கள். திருக்குடும்பத்தின் ஆசீர் உங்கள் இல்லங்களிலும், நீங்கள் போகும் வழிகளிலும் என்றும் தங்குவதாக!