ஜோவன்னா ஹிஃபர்னன்: படத்துக்கு வெளியே இருந்த வேலை

வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்துல ஆளுயர ஓவியம் ஒண்ணு இருக்கு. வெள்ளை உடை, அவிழ்ந்த செம்பட்டைக் கூந்தல், கையில ஒரு லில்லிப் பூ. வரைந்தவர் விஸ்லர். 1862-ல் லண்டன் ராயல் அகாடமி இதை ஏற்கவில்லை. அடுத்த வருஷம் பாரிஸில், நிராகரிக்கப்பட்ட படங்களுக்கென்றே நடந்த கண்காட்சியில் ஊரே இதைப் பார்த்துப் பேசியது.

அதுல நிற்கிறவங்க ஜோவன்னா ஹிஃபர்னன். அயர்லாந்துப் பெண். விஸ்லரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர். ஆனா விஸ்லரின் அம்மா லண்டன் வந்ததும் ஜோ வெளியேற வேண்டியதாயிற்று. அம்மா கண்ணுக்கு அவர் தெரியக்கூடாது!

இப்ப இதைக் கவனியுங்க. 1866-ல் விஸ்லர் தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்குக் கிளம்புகிறார். தன் வரவு செலவு, ஓவிய விற்பனை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஜோ பேருக்குத்தான் பவர் எழுதிக் கொடுக்கிறார். உயிலும் அவர் பேரில்தான்.

இருவரும் பிரிந்த பிறகும், விஸ்லருக்கு இன்னொரு பெண்ணிடம் 1870-ல் பிறந்த மகனை வளர்த்தது ஜோவும் அவருடைய சகோதரியும். 1886-ல் ஜோ இறந்தார்.

'மாடல்'னு ஒரே சொல்லுல முடிச்சிடுறோம். எனக்கு என்னவோ, அந்தப் பவர் பத்திரத்தையும் படத்துக்குப் பக்கத்துலயே மாட்டி வைக்கணும்னு தோணுது.