தட்டிக் கேட்டல்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



உயர்தர வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து பௌதிகவியல் படித்த நாங்கள் மூவரும் இன்று வெவ்வேறு நாடுகளில் ஒரே துறையில் வேலை செய்கிறோம். பொருளுக்குள் சிறிய உணரிகளைப் புதைத்து, அதிர்வைக் கேட்டு, அது சுகமாக இருக்கிறதா என்று அறிகின்ற துறை அது. மூவருக்குமாக ஒருவர் பேசினால் போதும் என்று சங்கம் அனுமதித்தமைக்கு நன்றி.

கூட்டுப்பொருள் என்பது பெரிய சொல்லாகத் தோன்றும். எங்கள் கரைகளில் நிற்கும் பைபர் படகு அதுதான். கண்ணாடி நாரை அடுக்கடுக்காக விரித்து, பிசின் பூசி இறுகவிட்டுச் செய்வது. விமானத்துக்குப் பெரும்பாலும் காபன் நார். போயிங் 787 விமானக் கட்டமைப்பின் நிறையில் ஏறத்தாழப் பாதி இத்தகைய பொருளே. பாரம் குறைவு, கறள் பிடிக்காது.

ஆனால் ஒரு குணம் உண்டு. அலுமினியத் தகடு அடிபட்டால் நெளியும், கண்ணுக்குத் தெரியும். கூட்டுப்பொருளில் மேற்பரப்பு அப்படியே இருக்க, உள்ளே அடுக்கோடு அடுக்கு விட்டுப்போகலாம்.

எங்களில் ஒருத்தியின் ஐயா கடற்றொழிலாளி. பாரில் அடிபட்ட படகைக் கரையேற்றியதும் விரல் மொழியால் வரிசையாகத் தட்டிக்கொண்டு போவார். நல்ல இடம் 'டங்' என்னும். விட்ட இடம் 'தொப்' என்னும். ஒருமுறை, புதிதாகப் பெயின்ற் அடித்த பழைய படகொன்றை வாங்கப் போனார். தட்டித்தான் பார்த்தார். அடிப்பக்கம் எங்கும் ஒரே மந்தமான ஒலி. தடித்த படகு, இப்படித்தான் கேட்கும் என்று நினைத்து வாங்கிவிட்டார். மூன்றாம் மாதம் கடலில் அடிப்பக்கம் பிளந்தது. கிட்ட வேறு படகு நின்றபடியால் ஐயா வீடு வந்து சேர்ந்தார்.

விமானங்களையும் இப்படித் தட்டிப் பார்ப்பதுண்டு. அது எப்போதும் போதாது. 2005 மார்ச் 6இல் கியூபாவின் வரடேரோவிலிருந்து கனடாவின் கியூபெக் நகருக்குப் புறப்பட்ட எயர்பஸ் ஏ310 ஒன்றின் வால் சுக்கான் வானிலேயே உடைந்து விழுந்தது. விமானிகள் திரும்பிப் பத்திரமாக இறக்கினார்கள். காபன் நார்த் தோலுக்கு உள்ளே மறைந்திருந்த சேதம் வளர்ந்திருக்கலாம் என்றும், கண்ணால் பார்ப்பதும் தட்டுவதும் அதைக் காணப் போதவில்லை என்றும் கனடிய விசாரணையாளர் கூறினார்கள்.

அப்படியானால் காதை உள்ளேயே வைத்தால் என்ன? அழுத்தினால் மின் தரும் பளிங்குகளை 1880இல் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். பின்னர் மேரி கியூரி கதிரியக்கத்தை அளந்த கருவியிலும் அத்தகைய பளிங்கு இருந்தது. இன்று நாங்கள் புதைப்பது நெற்றிப் பொட்டளவான பீங்கான் வில்லை. மின் கொடுத்தால் அதிரும்; அதிர்ந்தால் மின் தரும். ஒரு வில்லை தட்டும், மற்றது கேட்கும். இடையில் அடுக்கு விட்டிருந்தால் வந்து சேரும் அலை மாறியிருக்கும்.

சொல்ல எளிது. பிசின் இறுகும்போது ஏறத்தாழ 180 பாகை செல்சியஸ் வெப்பத்தை வில்லை தாங்க வேண்டும். காபன் நார் மின்னைக் கடத்துவதால் அதற்குக் காப்புறை வேண்டும். வெயிலும் குளிரும் அலையின் வேகத்தை மாற்றும். வெயில் சூட்டை வெடிப்பென்று மூன்று தரம் பயமுறுத்தினால், நாலாந்தரம் உண்மையான வெடிப்பை ஒருவரும் நம்பமாட்டார்கள். எல்லாவற்றிலும் பெரிது, நாங்கள் புதைக்கும் வில்லையே அடுக்குகளுக்கு இடையில் ஓர் அந்நியப் பொருள் என்பது. இடம் பிழைத்தால் விரிசல் அதிலிருந்தே தொடங்கும். பழுதானால் கழற்றி மாற்றவும் முடியாது. ஆகவே எங்கே வைப்பது, எத்தனை வைப்பது என்பதே எங்கள் வேலையில் பெரும்பகுதி.

இன்னொன்றும் உண்டு. உணரி பொதுவாக 'பழுது' என்று சொல்லாது. 'முன்போல இல்லை' என்றுதான் சொல்லும். பொருள் புதிதாக இருந்த நாளின் பதிவு கையில் இல்லாவிட்டால் இன்றைய அதிர்வை எதனோடு ஒப்பிடுவது? ஐயா தவறியதும் அங்கேதான். தன் படகின் நல்ல ஒலி அவருக்குத் தெரியும். வாங்கிய படகின் நல்ல ஒலி தெரியாது. புதுப் படகு வாங்கும் உறவுகள் இருந்தால் சொல்லுங்கள்: முதல் நாளே தட்டி, அந்த ஒலியைக் கைத்தொலைபேசியில் பதிந்து வைக்கட்டும். செலவில்லாத காரியம்.

இசைக்கவையை மேசையில் ஊன்றி எங்களைக் காது வைக்கச் சொன்ன ரீச்சர், கேட்டதை மட்டும் எழுதச் சொல்வார். கேட்க விரும்பியதை எழுதினால் வெட்டிவிடுவார். இன்றுவரை எங்கள் மூவரையும் காப்பாற்றுவது அந்தப் பழக்கந்தான்.

எங்கள் பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்கு ஒரு பெட்டி வில்லைகளும் படகுத் துண்டுகள் இரண்டும் கொண்டுவந்திருக்கிறோம். ஒன்று நல்லது, மற்றது உள்ளே விட்டது. எது எதுவென்று எழுதி ஒட்டவில்லை. தங்கைமார் தட்டிப் பார்த்துச் சொல்லட்டும்.