பெயர் ஒன்று, கட்சி பல



கலைக்களஞ்சியத்தில் அரசியற் கட்சிகளுக்கு எவ்வாறு தலைப்பிடுதல் வேண்டும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். “இது புலவர்களின் விடயம், வழக்கறிஞருக்கும் கமக்காரருக்கும் இதில் என்ன அலுவல்?” என்று சிலர் வினவக்கூடும். காணி உறுதி எழுதுவித்த எவரும் அவ்வாறு வினவமாட்டார். ஒரே பெயருடைய காணிகள் இரண்டு அயலில் இருத்தல் நமக்குப் புதுமையன்று. ஆகவே நொத்தாரிசு காணியின் பெயரை மட்டும் எழுதி அமைவதில்லை. பரப்பளவையும் நான்கு எல்லைகளையும் சேர்த்தே எழுதுகிறார். எல்லை குறியாத உறுதி வழக்குக்கு வித்து. எல்லை குறியாத தலைப்பும் அத்தகையதே.

1902 ஆம் ஆண்டிலேயே முத்துத்தம்பிப்பிள்ளை அவர்களின் ‘அபிதானகோச’த்தை வெளியிட்ட மண் யாழ்ப்பாணம். இன்றோ கலைக்களஞ்சியம் கணினி வழியே மாணவன் கைக்கு நொடியில் வந்துவிடுகின்றது. தலைப்பிலே நேர்ந்த குழப்பமும் அதே வேகத்திற் பரவுகின்றது.

‘காங்கிரஸ்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தவருக்கு அது 1944 இல் தோன்றிய அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ். மலையகத்தவருக்கு, 1939 இல் இலங்கை இந்தியன் காங்கிரஸாகத் தொடங்கி 1950 இல் பெயர் மாறிய இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ். தமிழ்நாட்டவருக்கு 1885 இல் பிறந்த இந்திய தேசிய காங்கிரஸ். ஒவ்வொருவரும் தத்தம் கட்சியையே ‘காங்கிரஸ்’ என்பர். ஒருவருக்கு மட்டும் அவ்வெறும் பெயரை ஈந்தால் ஏனையோருக்கு அநீதி இழைத்தவராவோம். எனவே முழுப்பெயரே தலைப்பாதல் வேண்டும்.

இலங்கைத் தமிழரசுக் கட்சி 1949 டிசம்பரில் தந்தை செல்வநாயகம் அவர்களின் தலைமையில் உதயமாயிற்று. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1946 இல், ம. பொ. சிவஞானம் அவர்கள் தமிழ்நாட்டிலே தமிழரசுக் கழகத்தைக் கண்டார். ஆகவே ‘இலங்கை’ என்னும் முதற்சொல் அலங்காரமன்று, அதுவே எல்லைக்கல். அதனை வெட்டிவிடுதல் தகாது. அக்கட்சியின் ஆங்கிலப் பெயரை மீண்டும் தமிழாக்கிச் ‘சமஷ்டிக் கட்சி’ என்போரும் உளர். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஹமில்ட்டன் முதலியோர் நடத்திய கட்சிக்கும் அதே மொழிபெயர்ப்பைச் சூட்டலாம். ஆயின், அமெரிக்கக் கட்சி மத்திய அரசு வலிமை பெறல் வேண்டும் என்றது. தமிழரசுக் கட்சியோ மத்தியிற் குவிந்த அதிகாரம் பகிரப்படல் வேண்டும் என்றது. சொல் ஒன்று, திசை இரண்டு! நாட்டின் பெயர் இல்லாத தலைப்பினால் மாணவன் எதனைக் கற்பான்?

பெயரைக் கொண்டு கொள்கையை ஊகித்தலும் ஆபத்தே. அவுஸ்திரேலியாவில் மென்சிஸ் 1944 இல் அமைத்த லிபரல் கட்சி அந்நாட்டின் வலதுசாரிக் கட்சி. கனடாவின் லிபரல் கட்சி அவ்வாறன்று. அமெரிக்கக் குடியரசுக் கட்சி 1854 இல் தோன்றியது. இந்தியக் குடியரசுக் கட்சியை 1957 இல் அம்பேத்கரின் வழிவந்தோர் அமைத்தனர். நாடு வேறாயின், அடைப்புக்குறிக்குள் நாட்டின் பெயரை இடுக. இது முதல் விதி.

ஒரே நாட்டில் ஒரே பெயரை இருவர் உரிமை கோரினால் என் செய்வது? 1943 இல் உருவான இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி 1960களின் முற்பகுதியிற் பிளவுண்டது. ‘மொஸ்கோ சார்பு’, ‘பீக்கிங் சார்பு’ என்பன வழக்கில் வந்த அடைமொழிகள். 1964 இல் பிளவுண்ட இந்தியக் கட்சியிலோ, பிரிந்து சென்றோர் தாமே ‘மார்க்சிஸ்ட்’ என்பதைத் தம் பெயரிற் சேர்த்துக்கொண்டனர். கட்சி தானே சூடிய அடைமொழியைத் தலைப்பில் ஏற்கலாம். பிறர் சூட்டியதைக் கட்டுரைக்குள்ளே விளக்குதலே முறை. அடைமொழி இல்லாவிடத்துத் தோன்றிய ஆண்டை இடுக. தலைவரின் பெயரை இடாதீர். தலைவர் மாறுவார், ஆண்டு மாறாது. ‘உண்மையான’, ‘போலி’ என்ற சொற்களுக்கோ தலைப்பில் இடமே இல்லை. எது சட்டபூர்வமான வாரிசு எனத் தீர்ப்பளிக்கக் கலைக்களஞ்சியம் நீதிமன்றமன்று.

மூன்றாவது விதி, வெறும் பெயரை வழிகாட்டிப் பக்கமாக்குதல். ‘லிபரல் கட்சி’ என்று தேடுவோனுக்கு அப்பெயருடைய கட்சிகள் யாவும் நாடும் ஆண்டும் குறித்து ஒரே நிரலில் தோன்றல் வேண்டும். வழக்கிலுள்ள பிற பெயர்களிலிருந்தும் உரிய கட்டுரைக்கு வழி இருத்தல் வேண்டும். 1972 இல் தமிழர் கூட்டணி, 1976 இல் தமிழர் விடுதலைக் கூட்டணி, 2004 பொதுத் தேர்தலில் மீண்டும் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம் என நமது வரலாறு பெயர் மாறி மாறி வந்ததன்றோ? வழிகாட்டி இல்லையேல் நம் பிள்ளைகளே வழிதவறுவர்.

“இவ்வளவு நீண்ட தலைப்பு அழகன்று” என்பார் உளர். குழப்பம் இல்லாவிடத்து அடைப்புக்குறி வேண்டியதில்லை என்பதை நாமும் ஒப்புகிறோம். குழப்பம் உள்ளவிடத்து அழகினும் தெளிவே பெரிது.

அன்பர்களே! நம்மில் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்சி உண்டு. மாற்றுக் கட்சிமீது மனக்கசப்பும் உண்டு. மேடையிலே அதனைப் பேசுவோம். ஆனால் ஏட்டிலே பெயர் எழுதும்போது, எதிராளியின் காணிக்கும் எல்லையை ஒழுங்காக எழுதும் நொத்தாரிசாக நாம் இருத்தல் வேண்டும். பிறர் பெயரைத் திருத்தமாக எழுதுவோர்க்கே தம் பெயரைத் திருத்தமாக எழுதுமாறு உலகைக் கேட்கும் உரிமை உண்டு.